ஏழாவது லைனுக்கு வந்த ஆறாவது லைனின் பட்டை

ஜூன் மாத ரிவ்யூ மீட்டிங்கில் இரண்டாம் யூனிட்டின் ஏழாவது லைன் சூப்பர்வைசர் அக்காவை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். திரையில் நான் போட்ட ரிஜெக்ட் சதவீத எக்ஸெல் சார்ட். பத்து தையல் லைனுக்குப் பத்து பட்டை, ஒன்பது பட்டைகள் இரண்டு மூன்று சதவீத உயரத்தில் நிற்க, ஏழாவது மட்டும் 7.4-க்கு எகிறி நின்றது. அந்த அக்கா, "என்னோட லைன்ல அவ்வளவு ரிஜெக்ட் போகலைங்க சார், நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்" என்று இரண்டு முறை சொன்னார். யாரும் நோட்டை வாங்கிப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. திரையில் இருப்பதைத்தான் எல்லோரும் நம்பினோம்.

மீட்டிங் முடிந்து மனசு கேட்காமல் கீழே போய் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். நீளமான கோடு போட்ட நோட்டு, ஒவ்வொரு நாளும் தைத்த பீஸ், செக்கிங்கில் திரும்பி வந்த பீஸ், பக்கத்திலேயே காரணம்: தையல் விட்டது, எண்ணெய்க் கறை, அளவு தப்பு. மாதக் கடைசியில் கூட்டி 2.1 சதவீதம் என்று அடிக்கோடு போட்டு வைத்திருந்தார். கணக்கு சரியாகவே இருந்தது. அப்படியென்றால் தப்பு என் சார்ட்டில்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் ஹெட் ஆபீஸில் இருக்கிறேன். மூன்று யூனிட், அங்கே கம்ப்யூட்டர் பார்க்கும் மூன்று பேரும் அவரவர் எக்ஸெல் ஃபைலில் தினமும் கணக்கை ஏற்றுவார்கள். என் ரிப்போர்ட் ஃபைல் தனி. அதில் உள்ள சார்ட்டுகள் எண்களை நேராக அந்த மூன்று ஃபைல்களிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி லிங்க் கொடுத்து வைத்திருந்தேன். இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. மாதா மாதம் திறந்து அப்டேட் கொடுத்தால் போதும் என்று நானே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த முறை அது. அதில் என்ன நடந்தது என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே முறையில் ரிப்போர்ட் போடுகிறவர்கள் எத்தனையோ பேர், அவர்களுடைய சார்ட்டுக்கு எதிரேயும் யாரோ ஒருவர் எழுந்து நின்று பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

எக்ஸெல் சார்ட்டில் ஒரு பட்டையை ஒரு முறை கிளிக் செய்துவிட்டு மேலே ஃபார்முலா பாரைப் பாருங்கள். சீரீஸ் என்ற பெயரில் ஒரு ஃபார்முலா இருக்கும். அதற்குள் நான்கு பகுதி: அந்த வரிசைக்கான பெயர், அடியில் வரும் லேபிள்கள், மதிப்புகள், எத்தனையாவது வரிசை என்ற எண். சார்ட்டுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மதிப்புகள் வேறு ஃபைலில் இருந்தால் அந்த ஃபைல் பெயர் சதுர அடைப்புக்குறிக்குள் வரும், பிறகு ஷீட் பெயர், பிறகு டாலர் குறிகளோடு செல் முகவரி. லேபிள் ஒரு ஃபைலிலிருந்தும் மதிப்பு இன்னொரு ஃபைலிலிருந்தும் வரலாம், எக்ஸெல் தடுக்காது. நான் செய்தது அதைத்தான். யூனிட் ஃபைலில் லைன் பெயரோடு சூப்பர்வைசர் பெயர், ஷிஃப்ட் எல்லாம் சேர்ந்து நீளமாக இருந்ததால், சார்ட் பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று லைன் 1 முதல் லைன் 10 வரை என் ஷீட்டிலேயே டைப் செய்து லேபிளாகக் கொடுத்துவிட்டு, மதிப்புக்கு மட்டும் யூனிட் ஃபைலின் டி5 முதல் டி14 வரை என்று காட்டியிருந்தேன்.

ஜூனில் இரண்டாம் யூனிட்டில் சாம்பிள் தைக்க ஒரு சின்ன லைன் புதிதாகப் போட்டார்கள். அங்கே கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பி, நாலாவது லைனுக்கும் ஐந்தாவது லைனுக்கும் நடுவில் ஒரு ரோ இன்சர்ட் செய்து அதை எழுதியிருக்கிறார். அவர் ஃபைலில் அது முற்றிலும் சரி. ஆனால் அப்போது என் ரிப்போர்ட் ஃபைல் மூடியிருந்தது. இரண்டு ஃபைலும் ஒரே கம்ப்யூட்டரில் திறந்திருக்கும்போது ரோ இன்சர்ட் செய்தால் எக்ஸெல் லிங்கையும் சேர்த்து நகர்த்திவிடும், முகவரி தானாகவே டி15 வரை நீளும். மூடியிருக்கிற ஃபைலுக்கு அந்தச் செய்தி போகாது. அது டி5 முதல் டி14 வரை என்ற பழைய முகவரியையே பிடித்துக்கொண்டு நிற்கும். அடுத்த நாள் திறந்து அப்டேட் கொடுத்தால் அந்தப் பத்து செல்லில் இப்போது என்ன இருக்கிறதோ அதை எடுத்து வரும்.

அதனால் ஐந்தாவது லைன் என்ற லேபிளின் மேல் சாம்பிள் லைனின் எண் உட்கார்ந்தது, ஆறாவதின் மேல் ஐந்தாவதுடையது, ஏழாவதின் மேல் ஆறாவதுடையது. பத்தாவது லைனின் எண் சார்ட்டிலேயே இல்லை. ஆறாவது லைனில் அந்த மாதம் புது ஆட்கள் அதிகம், துணியிலும் பிரச்சினை இருந்தது, 7.4 வந்ததற்குக் காரணம் உண்டு. ஆனால் திட்டு வாங்கியது ஏழாவது லைன் அக்கா.

எனக்கு இதில் மிகவும் உறைத்தது, எங்கேயும் ஒரு சிவப்பு எழுத்துகூட வரவில்லை என்பதுதான். ஃபைலை யாராவது வேறு ஃபோல்டருக்கு மாற்றியிருந்தால் ஃபைல் கிடைக்கவில்லை என்று எக்ஸெல் கேட்டிருக்கும். ஷீட்டை அழித்திருந்தாலும் ஏதோ ஒரு பிழை கண்ணில் பட்டிருக்கும். கத்துகிற தப்பு வேறு, சத்தமில்லாத தப்பு வேறு. இங்கிலாந்தில் 2020-இல் நடந்தது இந்த இரண்டாவது வகைதான். பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து அமைப்பு, பரிசோதனைக் கூடங்களிலிருந்து வந்த கோவிட் முடிவு ஃபைல்களைப் பழைய எக்ஸெல் வடிவத்துக்குள் ஏற்றியது. பழைய வடிவத்தில் ஒரு ஷீட்டுக்கு 65,536 ரோ மட்டும்தான், எக்ஸெல் 2007-உடன் வந்த வடிவத்தில்தான் அது 10,48,576 ஆனது. மிச்சம் விழுந்துபோனது யாருக்கும் தெரியவில்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேரின் தொற்று தினசரிக் கணக்கில் வராமல் போனது, அவர்களோடு பழகியவர்களைத் தேடுகிற வேலையும் அதனால் தாமதமானது. நம் ரிஜெக்ட் சார்ட்டோடு அதை ஒப்பிட முடியாது, ஆனால் ஒரு ஃபைலிலிருந்து இன்னொரு ஃபைலுக்கு எண் போகும் வழியில் ஓட்டை இருந்தால் யாரோ ஒரு மனுஷருக்குத்தான் அது போய் முடிகிறது.

சரி, எப்படி மாற்றினேன் என்று சொல்கிறேன்.

முதலில், சார்ட்டை வேறு ஃபைலோடு நேராகக் கட்டுவதை விட்டுவிட்டேன். என் ரிப்போர்ட்டிலேயே "தரவு" என்று ஒரு ஷீட். யூனிட் ஃபைல்களிலிருந்து எண்கள் அந்த ஷீட்டுக்கு வரும், சார்ட் அந்த ஷீட்டை மட்டும் பார்க்கும். ஒரு படி கூடுகிறதே என்று தோன்றும். ஆனால் சார்ட்டுக்குள் ஒளிந்திருக்கும் முகவரியை யாரும் தினமும் கிளிக் செய்து பார்க்கப் போவதில்லை, ஷீட்டில் இருக்கும் எண்ணைக் கண்ணால் பார்க்கலாம், கூட்டலாம், சரிபார்க்கலாம். லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்துகிறவர்களுக்கு இது ஏற்கெனவே பழகிய வழி, அங்கே சார்ட் அதே ஃபைலுக்குள் இருக்கும் செல்களை மட்டும்தான் எடுக்கும், வெளி ஃபைல் என்றால் ஷீட் மெனுவில் வெளி இணைப்பு கொடுத்து முதலில் உள்ளே கொண்டுவர வேண்டும். கூகுள் ஷீட்ஸிலும் இம்போர்ட்ரேஞ்ச் போட்டு உள்ளே இழுத்துவிட்டுத்தான் சார்ட் போடுகிறோம்.

இரண்டாவது, இடத்தை வைத்து எடுக்காமல் பெயரை வைத்து எடுப்பது. "ஒன்பதாவது ரோவில் இருப்பதைக் கொடு" என்று கேட்காமல் "லைன் 5 என்று எழுதியிருக்கும் ரோவைத் தேடி, ரிஜெக்ட் என்று தலைப்பு இருக்கும் நெடுவரிசையில் (காலம், column) உள்ளதைக் கொடு" என்று கேட்பது. இண்டெக்ஸ், மேட்ச் என்ற இரண்டு ஃபங்ஷனையும் சேர்த்து எழுதினால் இது நடக்கும். இதே வேலைக்கு வீலுக்அப் ஃபங்ஷன் போடுகிறவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். கடைசியில் 0 கொடுக்காவிட்டால் அது தோராயமாகப் பொருத்திப் பார்க்கும், அப்புறம் எத்தனையாவது காலம் என்று நாம் கொடுக்கும் எண்ணும் ஒரு இடம்தான், யூனிட்டில் யாராவது ஒரு காலம் இன்சர்ட் செய்தால் அதே கதை திரும்ப நடக்கும். அதனால்தான் நான் காலத்தையும் மேட்ச் வைத்தே தேடுகிறேன். யூனிட்டில் "லைன் 5" என்பதை "லைன்-5" என்று மாற்றி எழுதிவிட்டால் என்ஏ (#N/A, அதாவது கிடைக்கவில்லை) என்று பிழை வரும். வரட்டும். அப்போது போன் போட்டுக் கேட்கலாம்.

இங்கே ஒரு விஷயம். இன்டைரக்ட், ஆஃப்செட், சம்இஃப், சம்இஃப்ஸ், கவுன்ட்இஃப் என்ற ஃபங்ஷன்களெல்லாம் மூடியிருக்கும் ஃபைலிலிருந்து எடுக்காது. அந்த ஃபைல் திறந்திருக்கும் வரை எண் அழகாக வரும், மூடிவிட்டு மறுபடி கணக்கிட்டால் பிழை. சம்இஃப்ஸ் தேவைப்பட்ட இடத்தில் சம்ப்ராடக்ட் போட்டு எழுதினேன், அது மூடிய ஃபைலிலும் வேலை செய்கிறது. செல்லில் மாதப் பெயரை மாற்றினால் ஃபைலும் மாற வேண்டும் என்று இன்டைரக்டை நம்பி நான் ஒரு வாரம் உட்கார்ந்து கட்டிய ஷீட் ஒன்று அப்படியே வீணானது.

அப்புறம், காலியான செல். யூனிட் ஃபைலில் இன்னும் வராத மாதத்துக்கு எதுவும் எழுதியிருக்க மாட்டார்கள். லிங்க் கொடுத்த செல்லில் அது காலியாக வராது, 0 என்று வரும். கோட்டுச் சார்ட்டில் பார்த்தால் ஜூலைக்கு மேல் கோடு சடாரென்று தரைக்கு இறங்கும், உற்பத்தி நின்றுபோன மாதிரி. மூலம் காலியாக இருந்தால் என்ஏ என்ற ஃபங்ஷனைத் திருப்பித் தரும்படி ஒரு இஃப் போட்டால் கோடு அந்த மாதத்தோடு நின்றுவிடும். இன்னொன்று, தரவு ஷீட் அசிங்கமாக இருக்கிறதே என்று ரோக்களை ஹைட் செய்தால் சார்ட்டும் காலியாகிவிடும், ஏனென்றால் ஹைட் செய்த ரோவையும் காலத்தையும் எக்ஸெல் சார்ட்டில் காட்டாது, செலக்ட் டேட்டாவில் போய் அதற்கான டிக்கைப் போட்டால்தான் காட்டும். ஷீட்டை முழுதாக ஹைட் செய்தால் பிரச்சினை இல்லை.

இவ்வளவையும் செய்து இரண்டு மாதம் ஓட்டினேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாம் யூனிட் நெட்வொர்க்கில் இல்லை, அவர்கள் ஃபைலை வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவார்கள். டவுன்லோடு செய்தால் ஏற்கெனவே அதே பெயரில் ஒன்று இருப்பதால் பெயரின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் 1 என்று சேர்ந்துவிடும். லிங்க் பழைய ஃபைலையே பார்த்துக்கொண்டிருக்கும். இதற்காகத்தான் கடைசியில் பவர் குவெரி என்ற எக்ஸெல் வசதிக்குப் போனேன். எக்ஸெல் 2016 முதல் உள்ளேயே இருக்கிறது, புதிய பதிப்புகளில் டேட்டா டேப்பில் "கெட் டேட்டா". 2010, 2013 பதிப்புகளுக்கு அது தனியாகச் சேர்க்கும் ஆட்-இன்னாக இருந்தது.

ஒரு ஃபோல்டரைக் காட்டிவிட்டால் அதற்குள் இருக்கும் எல்லா ஃபைலையும் திறக்காமலே படித்து ஒன்றன் கீழ் ஒன்றாக ஒரே டேபிளாக அடுக்கித் தருகிறது. ரோ இன்சர்ட் ஆனாலும் கவலை இல்லை, லைன் பெயர் அந்த ரோவோடேயே வருகிறது. புதுசாக ஒரு லைன் சேர்ந்தால் டேபிள் நீளும், டேபிளை வைத்துப் போட்ட சார்ட்டும் தானே நீளும். ரெஃப்ரெஷ் ஆல் ஒன்றை அழுத்தினால் போதும்.

ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது, மூன்று இடத்தில் எனக்கு அடி விழுந்தது. மூன்றாம் யூனிட்டின் பழைய ஃபைல், 1 சேர்ந்த புது ஃபைல் இரண்டும் ஃபோல்டரில் இருந்ததால் ஒரு மாத உற்பத்தி இரண்டு முறை கூட்டப்பட்டது. இப்போது யூனிட் பெயர் ஒன்றாக இருந்தால் கடைசியாகத் திருத்திய ஃபைலை மட்டும் எடு என்று ஒரு படி சேர்த்திருக்கிறேன். அடுத்தது, ஒரு யூனிட்டில் "ரிஜெக்ட்" என்ற தலைப்பை "ரிஜெக்ஷன்" என்று மாற்றிவிட்டார்கள். ஃபோல்டரில் உள்ள ஒரு ஃபைலை மாதிரியாக வைத்துத்தான் காலங்களின் பெயர் முடிவாகிறது, அதனால் தலைப்பு மாறிய ஃபைலின் எண்கள் பிழை எதுவும் காட்டாமல் வெறும் காலியாக வந்து நின்றன. சத்தமில்லாத தப்பு மறுபடியும். இதற்கு ஒவ்வொரு யூனிட்டுக்கும் எத்தனை ரோ வந்தது, எத்தனை காலி, கூட்டுத்தொகை எவ்வளவு என்று ஒரு சின்ன சரிபார்ப்பு டேபிளை சார்ட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தேன், யூனிட்காரர்கள் அவர்கள் ஃபைலில் போட்டிருக்கும் மொத்தத்தோடு பொருந்தாவிட்டால் அது சிவப்பாகும். மூன்றாவது, யூனிட்டில் அந்தத் தம்பி ஃபைலைத் திறந்து வைத்து ஏற்றிக்கொண்டிருக்கும்போது நான் ரெஃப்ரெஷ் கொடுத்தால் அவர் கடைசியாக சேவ் செய்தது வரைதான் வரும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஃபோல்டரைப் படிக்கும்போது ஒவ்வொரு ஃபைலும் எப்போது கடைசியாகத் திருத்தப்பட்டது என்ற தேதியும் நேரமும் ஒரு தனி நெடுவரிசையாக வரும். நான் அதை ஒரு செல்லில் எழுத்தாக்கி, சார்ட்டின் தலைப்பைக் கிளிக் செய்து, ஃபார்முலா பாரில் சமக்குறி போட்டு அந்தச் செல்லைக் காட்டிவிட்டேன். இப்போது தலைப்பிலேயே "யூனிட் 2, தரவு: ஜூலை 31, மாலை 6.40" என்று வரும். பார்க்கிறவர் எதை வைத்துப் பேசுகிறோம் என்று தெரிந்துகொண்டு பேசலாம்.

ரிப்போர்ட்டை மற்றவர்களுக்கு அனுப்புவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளி லிங்க் உள்ள ஃபைலை மெயிலில் அனுப்பினால், பெறுகிறவரிடம் மூல ஃபைல் இருக்காது, ஆனால் சார்ட் காலியாகத் தெரியாது. கடைசியாக எடுத்த எண்கள் ஃபைலுக்குள்ளேயே சேமிக்கப்பட்டிருக்கும், அதைத்தான் அவர் பார்ப்பார். அது நேற்றையதா, போன மாதத்துடையதா என்று பார்த்து அவருக்குத் தெரியாது. பவர்பாயின்டில் சார்ட்டை ஒட்டும்போது இதைவிடக் கவனமாக இருக்க வேண்டும். சாதாரணமாக ஒட்டினால் எக்ஸெல் ஃபைலோடு லிங்க் ஆகும், எம்பெட் என்று தேர்ந்தெடுத்தால் அந்த ஒரு சார்ட் மட்டும் போகாது, முழு எக்ஸெல் புத்தகமும் ஸ்லைடுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சரக்கு வாங்கும் பையருக்குப் போகவேண்டிய ஒரு பிரசென்டேஷனில் சார்ட்டின் மேல் வைத்து எடிட் டேட்டா கொடுத்துப் பார்த்தபோது, எங்கள் பீஸ் ரேட் ஷீட், சம்பள ஷீட் எல்லாம் அதற்குள் இருந்தது. அனுப்புவதற்கு முன் பார்த்ததால் தப்பித்தோம். வெளியே போவது எதுவாக இருந்தாலும் இப்போது சார்ட்டைப் படமாகத்தான் ஒட்டுகிறேன்.

அந்த அக்காவிடம் அடுத்த நாளே யூனிட்டுக்குப் போய்ச் சொன்னேன், தப்பு உங்களுடையது இல்லை, என் சார்ட்டில் ரோ மாறிவிட்டது என்று. மேனேஜரிடமும் சரியான சார்ட்டைக் கொடுத்து, அடுத்த மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன், சொன்னார். அன்றைக்கு அக்கா நோட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு திரையில் ஒவ்வொரு பட்டையாகப் பார்த்தார். அந்த மாதக் கணக்கில் ஏழாவது லைன் 1.9. நோட்டிலும் 1.9. இப்போது மீட்டிங்குக்கு முந்தின நாள் சாயந்திரம், யூனிட்டுக்கு மூன்று லைன் வீதம் நோட்டின் கடைசிப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் சார்ட் என் கையை விட்டுப் போகும்.